பேஸ் ஆம்ப் ரிப்பேருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? காரைக்குடிப் பக்கம் வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன பங்குனியில் தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் கச்சேரி. மூன்றாவது பாட்டில் என் பேஸ் கிடார் ஆம்ப்ளிஃபயரின், அதாவது ஆம்பின், சத்தம் விட்டு விட்டு வந்தது. ஐந்தாவது பாட்டில் அடியோடு நின்றுவிட்டது. மறுநாள் காலையில் அவசர அவசரமாக ஒரு கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். "போர்டு போச்சு தம்பி" என்றார்கள். ஐந்து வாரம் கழித்து 6,500 ரூபாய் கொடுத்து எடுத்து வந்தேன். இரண்டு மாதத்தில் அதே கோளாறு திரும்பவும் வந்தது.

அடுத்து மதுரையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூட இல்லை. அரையடி ஒயர் ஒன்றை எடுத்து ஆம்ப் பின்பக்கம் இருந்த இரண்டு ஓட்டைகளை இணைத்தார். சத்தம் கணீரென்று வந்தது. ஒரு ஜாக்கின் உள்ளே இருந்த தகடு கறுத்துப்போனதுதான் முதலிலிருந்தே கோளாறு. அதைச் சுத்தம் செய்து, ஈயம் வைத்துக் கொடுக்க 350 ரூபாய் வாங்கினார். திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கம்பெனி போர்டைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைக்கிற ரெடிமேட் போர்டு ஒன்றை முதல் கடைக்காரர் மாட்டியிருக்கிறார். நல்ல போர்டு எங்கே போனதென்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எந்தப் பகுதி போயிருக்கிறது என்று தெரியாமல் விலை கேட்டால், சொல்கிற விலைதான் விலை. பகுதி தெரிந்துவிட்டால் நியாயமான தொகை எவ்வளவு என்று நீங்களே ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

1. கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே சோதியுங்கள்

இதற்குக் கால் மணி நேரம் போதும். எதையும் திறக்க வேண்டாம். திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். டியூப் வகை ஆம்பில் அது 400 வோல்ட்டையும் தாண்டும், ஆளையே கொல்லும்.

முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள். அப்புறம் வேறு கிடாரைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பேஸ் ஆக்டிவ் வகை என்றால் அதற்குள் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். அது இறங்கினால் சத்தம் கரகரத்து, மெலிந்து, கடைசியில் நின்றுபோகும். எங்கள் குழுவிலேயே ஒருவர் பேட்டரி தீர்ந்ததற்காக ஆம்பைத் தூக்கிக்கொண்டு திருச்சி வரை போய்வந்தார்.

அடுத்து, எனக்கு 6,500 ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய சோதனை. பல ஆம்ப்களில் பின்பக்கம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு ஓட்டைகள் இருக்கும். எஃபெக்ட்ஸ் பெடல் மாட்டுவதற்கான இடம் அது. எதுவும் மாட்டாதபோது ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தகடுதான் இரண்டையும் இணைத்து வைக்கிறது. தூசியும் ஈரக்காற்றும் பட்டு அது கறுத்துவிட்டால் சத்தம் விட்டு விட்டு வரும், பிறகு நின்றுபோகும். கிடார் ஒயர் ஒன்றை எடுத்து சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு மாட்டுங்கள். சத்தம் திரும்பி வந்தால் கோளாறு அந்தத் தகட்டில்தான். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது.

அப்படியும் வரவில்லையா? ஹெட்போன் அல்லது லைன் அவுட் இருந்தால் அதில் கேட்டுப் பாருங்கள். அங்கே சுத்தமாகக் கேட்டால் ஆம்பின் முன்பகுதி, அதாவது ப்ரீஆம்ப், நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சந்தேகம் பவர் பகுதி (சத்தத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பின்பகுதி) மேலேயோ ஸ்பீக்கர் மேலேயோதான்.

ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்ப்பதும் எளிது. பல காம்போக்களில் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பவை) ஸ்பீக்கர் ஒயர் ஒரு ஜாக்கில்தான் மாட்டியிருக்கும். ஆம்பை அணைத்துவிட்டு அதைக் கழற்றுங்கள். 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியின் இரண்டு முனைகளையும், கழற்றிய ஒயரின் நுனியில் இருக்கும் பிளக்கின் இரண்டு உலோகப் பாகங்களில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) அசைந்தால் அதன் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓமை ஒட்டிக் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓமுக்குச் சற்று மேலே காட்டும். அளவே காட்டாவிட்டால் காயில் எரிந்துவிட்டது. கோனை இரண்டு கைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசுகிற சத்தம் கேட்டால், இன்று ஓடினாலும் நாளைக்கு நிற்கும்.

ஹம் சத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு வால்யூமுக்கு முன்னால், பெரும்பாலும் ஒயரிலோ கிடாரிலோ இருக்கும். போகாமல் 'ம்ம்ம்' என்று அப்படியே நின்றால் பவர் சப்ளை கண்டன்சர் தளர்ந்திருக்கலாம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பல பிளக் பாயிண்டுகளில் எர்த்தே இருக்காது. அங்கே வைத்து ஹம் சோதனை செய்து ஆம்பைக் குறை சொல்லாதீர்கள். எர்த் உள்ள இன்னொரு இடத்தில் போட்டுக் கேளுங்கள்.

விளக்கே எரியவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் மூடிக்குள் இருக்கும் பியூஸை வெளியே எடுத்துப் பாருங்கள். உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தால் ஒரு நிமிட ஓவர் வோல்டேஜாக இருக்கலாம். கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் உள்ளே ஷார்ட். அதே ஆம்பியர், அதே வகை பியூஸ் ஒன்றை ஒரே ஒரு முறை மாற்றிப் பாருங்கள். அதுவும் போனால் நிறுத்திவிடுங்கள். ஒயரைச் சுற்றியோ சிகரெட் பேப்பரை வைத்தோ ஓட்டினால் 300 ரூபாய் வேலை 3,000 ரூபாய் வேலையாகிவிடும்.

இந்தச் சோதனைகளின் விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளுடன் கடைக்குப் போகிறவரிடம் பேசும் விதமே வேறாக இருக்கும்.

2. உங்கள் ஆம்ப் எந்த வகை?

டிரான்சிஸ்டர் வகை, கனமான இரும்பு டிரான்ஸ்பார்மரோடு வருவது. நம் ஊர் மைக் செட் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பவர்கள் இதைச் சரிசெய்துவிடுவார்கள், பவர் பகுதி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கிளாஸ் டி வகை, கையில் எடுத்தால் லேசாக இருக்கும். பொடிப் பொடி பாகங்கள், சுவிட்சிங் சப்ளை. பெரும்பாலும் போர்டையே மாற்றத்தான் சொல்வார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டு விலையைக் கேட்காமல் உள்ளூரில் திறக்க விடாதீர்கள்.

டியூப் வகை நம் பக்கம் அபூர்வம். பழைய சாமான் கடைகளில் வால்வு ரேடியோ நிறையக் கிடைக்கிறதே என்று அதிலிருந்து டியூபைக் கழற்றிப் போட நினைக்காதீர்கள். டியூபின் எண் பொருந்த வேண்டும், பயாஸ் (டியூபில் ஓடும் மின்சார அளவு) வைக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உறவுக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்னால் அச்சிட்ட வோல்டேஜைப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா ஆம்ப் இங்கே நேராக ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட் மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் போடக் கூடாது. அப்படிப் போட்டு எரிந்ததா என்று மெக்கானிக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், தேடும் நேரம் குறையும்.

3. எதற்கு எவ்வளவு?

கீழே உள்ளவை நானும் எங்கள் குழு நண்பர்களும் கடந்த இரண்டு வருடத்தில் காரைக்குடி, மதுரை, திருச்சியில் கொடுத்த தொகைகள். உங்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

ஜாக் சுத்தம் செய்வது, விட்டுப்போன ஈயத்தை மறுபடி வைப்பது, கரகரக்கும் கன்ட்ரோல்களுக்கு கிளீனர் அடிப்பது எல்லாம் 300 முதல் 600 ரூபாய். பாகத்தின் விலை இதில் ஒன்றுமே இல்லை, திறந்து மூடும் கூலிதான். இரண்டு மூன்று கன்ட்ரோலைப் புதிதாகவே மாற்றினால் 800 வரை கொடுக்கலாம்.

பவர் சப்ளை கண்டன்சர் மாற்ற 800 முதல் 1,500. டிரான்ஸ்பார்மர் எரிந்து ரீவைண்டிங் செய்தால் 2,000 முதல் 4,000, செம்பு எடையைப் பொறுத்து. ரீவைண்டிங் என்றால் பழைய டிரான்ஸ்பார்மர் உண்மையிலேயே எரிந்ததா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்கு 15 இஞ்ச் கோனும் காயிலும் மாற்ற 1,500 முதல் 3,000 ஆனது.

பவர் டிரான்சிஸ்டர் போனதுதான் அதிகம் நடக்கிற பெரிய ரிப்பேர். விலையில் அதிகம் குழப்பம் வருவதும் இங்கேதான். எங்கள் குழு நண்பர் ஒருவரின் 150 வாட்ஸ் ஆம்புக்கு வந்த பில்லைச் சொல்கிறேன்: 5200, 1943 எண் டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி 700 ரூபாய், அவற்றுக்கு முன்னால் இருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்களும் ரெசிஸ்டர்களும் 150, ஹீட் சிங்க் பேஸ்ட், மைக்கா 50, கூலி 1,200. மொத்தம் 2,100. இதே வேலைக்கு இன்னொரு கடையில் 4,500 சொன்னார்கள். பிரித்துச் சொல்லுங்கள் என்றதும் 3,000க்கு இறங்கினார்கள்.

கூலி சரியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஈயம் வைப்பது அரை மணி நேர வேலை. பவர் பகுதி என்றால் கண்டுபிடிக்க, மாற்ற, ஓட்டிப் பார்க்க அரை நாள் ஆகும். கைதேர்ந்த மெக்கானிக்கின் அரை நாளுக்கு 800 முதல் 1,200 ரூபாய் நியாயம் என்பது என் எண்ணம். அதற்குக் கீழே பேரம் பேசினால் மலிவான டூப்ளிகேட் பாகத்தில்தான் போய் முடியும். அந்த 5200, 1943 எண்களில் போலி சந்தையில் ஏராளம். ஜோடி விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. உங்கள் உச்சவரம்பை முதலிலேயே போடுங்கள்

உங்கள் ஆம்பை நல்ல நிலையில் இன்று செகண்ட் ஹேண்டாக விற்றால் என்ன கிடைக்கும்? அதில் பாதி. அதற்கு மேல் செலவழிக்காதீர்கள். 16,000க்கு விலைபோகும் ஆம்ப் என்றால் 8,000. புது விலையை வைத்துக் கணக்குப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. "புதுசு 40,000, ரிப்பேர் 12,000தானே" என்று கடையில் சொல்வார்கள். உங்களிடம் இருப்பது புதிது அல்ல.

இந்தத் தொகையோடு போக்குவரத்தையும் சேருங்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வர ஒரு நாள் போகும். கொடுக்க ஒரு முறை, வாங்க ஒரு முறை என்று இரண்டு நாள். இருபது கிலோ காம்போவைப் பஸ்ஸில் ஏற்றினால் லக்கேஜ் டிக்கெட், ஆட்டோ எல்லாம் சேரும். முன்கூட்டி போனில் கேட்டால் சிலர் மேலே உள்ள சேஸிஸை (ஆம்பின் போர்டுகள் இருக்கும் உலோகச் சட்டம்) மட்டும் கழற்றிக் கொண்டுவரச் சொல்வார்கள். கழற்றத் தெரிந்தவரை வைத்து மட்டுமே அதைச் செய்யுங்கள்.

5. எப்போது கொடுப்பது?

மாசியிலிருந்து ஆடி வரை திருவிழாக்களும் கல்யாணங்களும். ஆம்ப்ளிஃபயர் பார்க்கிறவர்கள் எல்லோர் மேசையிலும் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் பெட்டிகள் அடுக்கியிருக்கும், அவர்களுக்குத்தான் முதல் மரியாதை. என் ஆம்ப் ஐந்து வாரம் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கல்யாணம் குறைகிற புரட்டாசியிலும் மார்கழியிலும் கொடுங்கள். கரகரப்பு ஆரம்பித்தவுடன் கொடுத்தால் சின்ன வேலையாக முடியும்.

பாகம் இங்கே இல்லாவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து கூரியரில் வர இரண்டு மூன்று நாள் போதும். "பார்ட்ஸ் வரலை" என்று இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால், எந்தப் பாகம், என்ன எண் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாவிட்டால் ஆம்பை இன்னும் திறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

6. கொடுக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

வாங்கிய பில், வாரண்டி அட்டை. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் உள்ளூரில் சீல் உடைக்கவே வேண்டாம்.

பின்பக்கம் உள்ள மாடல் பெயர், சீரியல் எண் இரண்டையும் போட்டோ எடுங்கள். கன்ட்ரோல் குமிழ்கள், கிரில், காற்றுத் துவாரம் வழியாகத் தெரியும் போர்டு எல்லாவற்றையும் எடுங்கள். நான் அன்று எடுத்திருந்தால் போர்டு மாறியதை அன்றே காட்டியிருப்பேன்.

கடையில் ஒரு ஜாப் கார்டு வாங்குங்கள். அச்சடித்தது இல்லையென்றால் ஒரு வெள்ளைத்தாள் போதும். தேதி, சீரியல் எண், என்ன கோளாறு, பார்க்கும் கூலி எவ்வளவு, "என்னைக் கேட்காமல் 500 ரூபாய்க்கு மேல் வேலை செய்யக் கூடாது" என்ற ஒரு வரி, அவர் கையெழுத்து. வாட்ஸ்ஆப்பில் இதையே அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலும் நல்லதுதான்.

பார்க்கும் கூலி 200, 300 கேட்பார்கள். கொடுங்கள். வேலையைத் தொடர்ந்தால் பில்லில் கழித்துக்கொள்வீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கூலி வாங்காமல் பார்க்கிறவருக்கு ஏதாவது ஒரு கோளாறைச் சொல்லியாக வேண்டிய நிலை வந்துவிடும்.

7. எஸ்டிமேட் வந்ததும் கேட்க வேண்டியவை

"அண்ணே, எந்தப் பாகம் போயிருக்கு? எதனால போச்சு?" இதுதான் முதல் கேள்வி. "போர்டு போச்சு" என்பது பதில் அல்ல. போர்டில் எது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், கையில் எடுத்தே காட்டுவார். மதுரைக்காரர் எனக்கு அந்தக் கறுத்த தகட்டை டார்ச் அடித்துக் காட்டினார், சோளப்பொட்டு அளவுதான் இருந்தது.

அப்புறம் பழைய பாகங்கள் எல்லாம் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தையே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

ரெடிமேட் போர்டு போடலாம் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அது சத்தம் தரும், ஆனால் உங்கள் ஆம்பின் வோல்டேஜுக்கும் ஸ்பீக்கருக்கும் பொருந்த வேண்டும். மறுபடி விற்கும்போது விலையும் விழும். வேறு வழியே இல்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம், கம்பெனி போர்டைக் கையில் வாங்கிக்கொண்டு.

கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துக் காப்பாற்றும் சுவிட்ச்தான் ஸ்பீக்கர் புரொடெக்ஷன் ரிலே. சிலர் அதை டைரக்ட் பண்ணிவிடுவார்கள், அதாவது அந்தச் சுவிட்ச் இல்லாமல் நேராக இணைத்துவிடுவார்கள். அன்றைக்கு ஓடும். அடுத்த முறை டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்போது டிசி மின்சாரம் நேரே ஸ்பீக்கருக்குப் போய்க் காயிலை எரித்துவிடும். "ரிலேயை டைரக்ட் பண்ணிடாதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் அதில் கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். பதிவு செய்யாத சின்னக் கடைக்காரர் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது, வாங்கவும் தேவையில்லை. அவரிடம் சாதா ரசீது போதும்.

8. திரும்ப வாங்கும் நாள்

உங்கள் பேஸையும் ஒயரையும் எடுத்துப் போங்கள். ஸ்பீக்கர் மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி எவ்வளவு நிற்கிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஷார்ட் ஆன ஆம்பை முதல் முறை ஓட்டும்போது சீரிஸ் லேம்ப் (மின்சாரம் ஒரு குண்டு பல்பு வழியாக ஆம்புக்குப் போகும் இணைப்பு) போட்டுப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.

பிறகு அரை மணி நேரம் வாசியுங்கள். எல்லாக் கன்ட்ரோலையும் திருப்புங்கள். சூடேறிய பிறகு வருகிற கோளாறு ஐந்து நிமிடத்தில் தெரியாது. பெட்டியின் தலையில் மெல்லத் தட்டிப் பாருங்கள், விட்டுப்போன ஈயம் இருந்தால் கரகரக்கும். ரசீதில் மாற்றிய பாகங்களின் பெயர், கூலி தனியாக, 30 நாளாவது கேரண்டி என்று எழுதி வாங்கிய பிறகுதான் முழுப் பணம்.

9. தகராறு வந்தால்

முதலில் அதே கடைக்குப் போய், ஜாப் கார்டையும் போட்டோக்களையும் வைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, அரிமளம் பக்கம் என்றால் புதுக்கோட்டை. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். என்னிடம் ரசீதும் இல்லை, போட்டோவும் இல்லை, அதனால் என்னால் போக முடியவில்லை.

ஆம்ப் வீட்டுக்கு வந்ததும் ரசீதையும் ஜாப் கார்டையும் பழைய பாகங்களையும் ஒரே கவரில் போட்டு, ஆம்பின் பின்பக்கப் பலகையின் உள்ளே அல்ல, கிடார் பையில் வையுங்கள். கச்சேரி இடத்தில் மறுபடி ஏதாவது நடந்தால் அங்கேயே எடுத்துப் பார்க்கலாம். அந்த அரையடி ஒயரும் அதே பையில் இருக்கட்டும்.